பாணர் மரத்தடியில் நின்ற வண்டி

முதல் கிண்ணம் திரும்பி வந்தபோது நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிலோமென் அக்காவின் முற்றத்தில் நான் அலுமினிய அண்டாவின் முன்னால் உட்கார்ந்து, ஊறவைத்து வடிகட்டிய ஆனைப்புளிக் கரைசலில் வேர்க்கடலை விழுதைக் கட்டி தட்டாமல் கலக்கிக்கொண்டிருந்தேன். அவித்து உதிர்த்த கம்பு இன்னொரு அண்டாவில் துணி போர்த்தி இருந்தது. இரண்டையும் சேர்த்து, சர்க்கரையும் ஜாதிக்காயும் உலர்திராட்சையும் போட்டால் ஙலாக். இனிப்புக் கூழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வெள்ளியன்று எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் கறி தொடமாட்டார்கள், இதைத்தான் குடிப்பார்கள். தாங்கள் குடிப்பதற்கு முன்னால் எங்களைப் போன்ற முஸ்லிம் வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவார்கள். பக்ரீத்துக்கு எங்கள் வீடுகளிலிருந்து ஆட்டுத் தொடை அங்கே போகும். இதை யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை.

என் மகள் ஸிகாதான் கிண்ணத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். மேலே மூடியிருந்த பூப்போட்ட துணிகூடக் கலையவில்லை.

"வயிறு சரியில்லையாம்மா. ரொம்ப நன்றின்னு சொல்லச் சொன்னாங்க."

"யாருக்கு வயிறு சரியில்ல?"

"வீட்டுல எல்லாருக்குமாம்."

அக்கா சிரித்தாள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வயிறு கெட்ட வீட்டில் ஒரே கக்கூஸ்தானே என்று கேட்டாள். இரண்டாவது கிண்ணம் வந்தது, பிள்ளைகளுக்கு இருமலாம், புளிப்பு ஆகாதாம். மூன்றாவது வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாம், கதவு மட்டும் திறக்கவில்லையாம். அதற்குப் பிறகு வந்த கிண்ணங்கள் காரணம் எதுவும் கொண்டுவரவில்லை. தெருவுக்குப் போன பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி, சுவரோரம் கிண்ணங்களை வரிசையாக வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் விலகி நின்றார்கள். அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

எனக்கு விஷயம் தெரியும். அவளுக்கும் தெரியும். இரண்டு நாளாக அதைப் பற்றிப் பேசாமல் கம்பு புடைத்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

எல்லாம் ஒரு குதிரையால் வந்தது. அக்காவின் புருஷன் எத்தியென் மாமா ஃபாத்திக் சந்தைக்கு வண்டி ஓட்டிப் போய், கூழுக்கு ஒரு மூட்டை ஆனைப்புளி வாங்கிக்கொண்டு திரும்பினார். வழியெல்லாம் உப்பளம், ஒதுங்க நிழல் கிடையாது. ஊருக்கு முன்னால் இருக்கும் ஒரே நிழல் பாணர் மரம், அடி பெருத்த கிழட்டு ஆனைப்புளி. குதிரை அங்கே நின்றுவிட்டது. வேறு ஆளாக இருந்தால் குதிரையை ஒரு அடி போட்டு ஓட்டியிருப்பான். மாமா குதிரையோடு தர்க்கம் பண்ணுகிறவர் அல்ல, மனிதர்களோடே பண்ணமாட்டார். அதற்கு இளைப்பாறத் தோன்றினால் இளைப்பாறட்டும் என்று அவரும் இறங்கிப் புகையிலைக் குழாயைப் பற்றவைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து தலைநகர் டக்காரிலிருந்து வரும் பஸ் அந்த வழியாகப் போயிற்று. மேயர் தேர்தலுக்கு நிற்கிற பிலோமெனின் புருஷன், அவர் வண்டி, வண்டி நிறைய ஆனைப்புளி, தலைக்கு மேலே பாணர் மரம். பஸ் ஜன்னலில் இருந்த அத்தனை கண்ணும் பார்த்தது. மாமா வீடு வந்து சேர்வதற்குள் கதை கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த மரத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. அதற்குள் இருப்பவர்கள் என் பாட்டனார்கள். நாங்கள் பாணர் குலம், கொட்டடித்துப் பாடுகிறவர்கள். கொடுக்கிறவனைப் பாடுவோம், கொடுக்காதவனை இன்னும் நன்றாகப் பாடுவோம். அந்தக் காலத்தில் கல்யாணமோ பட்டாபிஷேகமோ, முதல் அழைப்பு எங்களுக்குத்தான். ஆனால் செத்தால் மண்ணில் இடம் கிடையாது. பாணனைப் புதைத்தால் மழை பொய்க்கும், கடலில் மீன் வற்றும் என்று சொல்லி, பொந்து விழுந்த ஆனைப்புளி மரத்துக்குள் உட்காரவைத்து அடைத்துவிடுவார்கள். என் கொள்ளுத்தாத்தாவோடு அது நின்றது. இப்போது சிலுவையும் பிறையும் கலந்து நிற்கிற ஊர்க் கல்லறையிலே எங்களுக்கும் இடம் உண்டு. ஆனால் அந்த மரத்துக் காயை இன்றுவரை ஒருவரும் பறிப்பதில்லை. அதைத் தின்றவன், கொடுத்தவரின் புகழைப் பாடிக்கொண்டே இருப்பானாம், நிறுத்த முடியாதாம். ஊர்ச் சிறுபிள்ளைக்கும் இது தெரியும்.

ஆக, ஊர்ப் பேச்சுப்படி பிலோமென் என்ன செய்துவிட்டாள்? பாணர் மரத்துக் காயைப் பறித்துக் கூழ் காய்ச்சி, முஸ்லிம் தெரு முழுவதையும் தன் பேரைப் பாடவைத்து ஓட்டுகளை அள்ளப் போகிறாள். இதற்கு என்ன பதில் சொல்வது? அவள் ஊர் முன்னால் குடித்துக் காட்டினால், தன் புகழைத் தானே பாடிக்கொள்வது அரசியல்வாதிக்குப் புதிதா என்பார்கள். கிறிஸ்தவர்கள் குடித்தால், அவர்கள் எப்படியும் அவளுக்குத்தான் போடப் போகிறார்கள். நான் தெருவில் நின்று ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தேன். இமாம் வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீ குடிச்சு என்ன தெரியப்போகுது தெனிங்? நீ குடிக்காமலே பாடுறவ."

நான் காலிக் கிண்ணத்தோடு முற்றத்துக்குத் திரும்பினேன்.

இமாம் நல்ல மனிதர். இதெல்லாம் மார்க்கத்தில் இல்லாத பேச்சு என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"குடிச்சாங்களா?" என்று ஸிகாவைக் கேட்டேன்.

"எலுமிச்ச மரத்தடியில வச்சாங்க. ஆடு குடிச்சிருச்சு."

அக்கா தலையைத் தூக்கினாள். "ஆடு பாடுதா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கருவாடு காயப்போடும் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி அவள். உப்பில் வெடித்த கை, ஆள் வாட்டசாட்டம், குரல் அலையைத் தாண்டிக் கேட்கும். அன்று அந்தக் குரல் முற்றத்தைத் தாண்டவில்லை.

"ஓட்டுப் போடாட்டி போகட்டும் தெனிங். தோத்தா மறுநாளு மீன் காயப்போடப் போயிருவேன், எனக்கென்ன. ஆனா இந்த வருஷம் கிண்ணம் திரும்பி வந்துருச்சுன்னா அடுத்த வருஷம் யாரு அனுப்புவா? அனுப்பினாலும் யாரு வாங்குவா? எங்கம்மா காலத்துல ஊரு எத்தனையோ சண்டையப் பார்த்துச்சு, கிண்ணம் ஒரு நாளும் நிக்கல. பிலோமென் மேயராக ஆசப்பட்டா, அதோட நின்னுபோச்சுன்னு சொல்லுவாங்கடி."

அவளுக்கு எதிராக நின்றவர் அன்சுமானா கூஜாபி. படகுத்துறையில் ஐஸ் ஆலை வைத்திருக்கிறார், ஹாஜியார், பள்ளிவாசலில் முதல் வரிசை. ஊரில் வேர்விட்டு முப்பது வருஷம் இருக்கும் என்றாலும் பிறப்பால் தெற்கே காசமான்ஸைச் சேர்ந்த ஜோலா இனத்தவர். நாங்கள் செரேர் இனம். இரண்டு சகோதரிகள் ஒரே படகில் போனார்கள், புயலில் படகு இரண்டாகப் பிளந்தது, ஒருத்தி வடக்கே ஒதுங்கி எங்களைப் பெற்றாள், ஒருத்தி தெற்கே ஒதுங்கி அவர்களைப் பெற்றாள் என்பது பழைய கதை. அதனால் எங்களுக்குள் கேலி முறை. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும். எந்த ஜோலாவைப் பார்த்தாலும் "என் அடிமை" என்று கூப்பிட எனக்கு உரிமை உண்டு, அதே உரிமை அவனுக்கும் உண்டு. யார் எசமான் யார் அடிமை என்ற வழக்கு உலகம் முடிகிற வரை தீராது, தீரவும் கூடாது. கேலி முறைக்காரன் என்ன சொன்னாலும் கோபம் வரக் கூடாது. அவன் நீட்டியதைத் தள்ளக் கூடாது. தள்ளினால் குடும்பத்துக்கு ஆகாது.

இந்த முறையை அன்சுமானாவும் அக்காவும் நடத்தியதைப் போல நடத்தி நான் கண்டதில்லை. அக்காவின் அம்மா செத்தபோது சவப்பெட்டியைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு தரையில் படுத்திருந்தார் இந்த ஹாஜியார். செத்துப்போனவளின் கட்டுத்துணியை இடுப்பில் சுற்றி, அவள் தலைத்துணியையே தலையில் கட்டியிருந்தார். "கெழவி எனக்கு ஒரு கிண்ணம் கூழு தர்றேன்னு சொல்லிட்டு ஏமாத்திட்டுப் போறா. குடுத்துட்டுப் போகட்டும்" என்றார். பிறகு எழுந்து உட்கார்ந்து, அந்தக் கிழவியின் குரலிலேயே, "பிலோமென், உப்பு பத்தலடி, உனக்கு வாயி மட்டும்தான் வேல செய்யுது" என்றார். அழுதுகொண்டிருந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பங்குச்சாமியார் சிலுவையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். கிண்ணத்தில் கூழ் வந்து, அதை அவர் நடுவாசலில் உட்கார்ந்து குடித்து முடித்த பிறகுதான் பெட்டி நகர்ந்தது. அன்று அவர் மட்டும் இல்லையென்றால் அக்கா அந்த வாசலிலேயே விழுந்திருப்பாள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் பாடுவேன்.

தேர்தல் காலம் வந்தது. கூடவே இரண்டு பக்கத்துக்கும் டக்காரிலிருந்து கழுத்தில் டை கட்டிய ஆலோசகர்கள் வந்தார்கள். வேட்பாளர் என்றால் கண்ணியம் வேண்டும், தெருவில் நின்று ஒருவரையொருவர் அடிமை என்று கூப்பிட்டால் பத்திரிகைக்காரன் என்ன எழுதுவான் என்றார்கள். அதற்கு அடுத்த வாரம் படகுத்துறையில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தார்கள். "வணக்கம் மேடம், நலமா இருக்கீங்களா?" என்றார் அன்சுமானா. "நலம் ஐயா, நீங்க நலமா?" என்றாள் அக்கா. கூடையோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு பேரும் கட்டிப்புரண்டு சண்டை போட்டிருந்தால்கூட நான் அப்படிப் பயந்திருக்கமாட்டேன்.

மரத்துக் கதையை அன்சுமானா கிளப்பவில்லை, அதை நான் சத்தியம் பண்ணுவேன். ஆனால் அவர் ஆட்கள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். அவரிடம் கேட்டவர்களுக்கு, "எனக்கென்னப்பா தெரியும்" என்று மட்டும் சொன்னார். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. அவருடைய ஊர்வலத்துக்குக் கொட்டடிப்பது என் புருஷன் ஜேகான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் நான் ஒரு கட்சி, அவர் ஒரு கட்சி. பாணர் வீட்டில் இது தொழில், இதற்காக யாரும் பட்டினி கிடப்பதில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலையில் என் புருஷனும், "இந்த வருஷம் எனக்கு வேண்டாம் தெனிங்" என்று சொல்லிவிட்டுத்தான் மேளத்தைத் தூக்கிக்கொண்டு போனார். கொள்ளுத்தாத்தா மரத்துக்குள் இருக்கிற எனக்கே இந்தக் கதி.

அக்கா எழுந்தாள். கையைக் கழுவினாள். உள்ளே போய், கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளை உடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தாள். முந்தின ராத்திரியிலிருந்து அவள் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை, விரதம். அம்மாவின் நீலப் பீங்கான் கிண்ணத்தை, விளிம்பு உடைந்ததை, எடுத்து நிறைய மொண்டாள்.

"நம்ம ஆளு குடிச்சாப் பிரயோசனமில்ல தெனிங். எதிர்க்கட்சிக்காரன் குடிக்கணும். அதுலயும் சின்ன ஆளு போதாது."

"அக்கா, அவரு வாங்கலைன்னா?"

"வாங்கலைன்னா எனக்கு ஊரு இல்ல. அவனுக்கும் இல்ல." வாசலைத் தாண்டும்போது திரும்பாமலே சொன்னாள், "கரண்டிய எடுத்துக்கிட்டு வாடி."

ஜும்மா முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் கோயிலில் மூன்று மணிச் சிலுவைப் பாதைக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. நடுவில் இருக்கும் சதுக்கத்தில் பந்தல் போட்டு, நாற்காலி பரப்பி, ஒலிபெருக்கி கட்டி அன்சுமானாவின் கூட்டம். ஜேகான் கொட்டடித்துக்கொண்டிருந்தார். அக்காவையும், அவள் பின்னால் கரண்டியோடு வரும் தன் பெண்டாட்டியையும் பார்த்ததும் அவர் கை தாளம் தப்பியது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை தப்பி நான் கேட்டதில்லை.

டை கட்டிய ஆலோசகர் ஓடிவந்து குறுக்கே நின்றார். "மேடம், இது எங்க கூட்டம். தயவுசெய்து."

"தெரியும் தம்பி. உங்க வேட்பாளரப் பார்க்க நான் வரல. என் அடிமையப் பார்க்க வந்தேன்."

அவரைச் சுற்றிக்கொண்டு நடந்து பந்தலுக்குள் போனாள். நாற்காலிகள் தாமாக ஒதுங்கின. அன்சுமானா முன்வரிசையில், தொழுகைக்குப் போட்ட இளநீல அங்கியோடு உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் முன்னால் நின்றாள்.

"டேய் அடிமை. எசமானி நிக்கிறேன், நீ உக்காந்திருக்க. எந்திரிச்சு வாங்கு."

யாரும் சிரிக்கவில்லை. எத்தனையோ வாரமாக அந்தச் சொல் ஊரில் கேட்கவே இல்லை, கேட்டதும் என்ன செய்வதென்று ஜனத்துக்கு மறந்துபோயிருந்தது. அன்சுமானாவின் வலது கை மெல்ல எழுந்து இடது புஜத்தைத் தொட்டது. அங்கிக்குள் அங்கே தோல் தாயத்து இருப்பது எல்லாருக்கும் தெரியும். தேர்தலுக்காகவே எல்லை தாண்டிப் போய்ப் பெரிய மகான் ஒருவரிடம் எழுதி வாங்கிக் கட்டியது, எதிராளியின் வசியம் எதுவும் ஒட்டாமல் இருக்க. ஆலோசகர் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். கூட்டம் பேசாமல் நிற்கும்போது வாயைத் திறப்பது எங்கள் குலத்தொழில். அன்று நான் கரண்டியைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மேடம்," என்று ஆரம்பித்தார் அன்சுமானா. "தேர்தல் முடியட்டும், அதுக்கப்புறம் நானே வீட்டுக்கு வந்து..."

அக்காவின் முகம் மாறவில்லை. ஆனால் கையில் இருந்த கிண்ணம் லேசாக ஆடி, விளிம்பு உடைந்த பக்கம் ஒரு சொட்டுக் கூழ் வழிந்து அவள் வெள்ளை உடுப்பில் விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். வழிந்த சொட்டைப் பார்த்தார், பிறகு அந்த உடைந்த விளிம்பைப் பார்த்தார். நடுவாசலில் உட்கார்ந்து அவர் குடித்தாரே, அதே கிண்ணம். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வேட்பாளர் இல்லை.

"திராட்ச போட்டிருக்கியா?" என்று கேட்டார்.

"போட்டிருக்கேன்."

"உங்கம்மா அள்ளிப் போடுவா. நீ போன வருஷம் எண்ணிப் போட்ட."

"அடிமைக்கு எதுக்குடா திராட்ச."

பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அன்சுமானா எழுந்தார். "கரண்டி எங்க? கையால வழிச்சுத் திங்க நான் என்ன செரேரா?"

நான் கரண்டியை நீட்டினேன். இரண்டு வாய் கரண்டியால் அள்ளிப் போட்டார், அப்புறம் அதைத் தூக்கி ஆலோசகரின் கையில் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தார். தொண்டை ஏறி இறங்குவதைக் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. கோயில் படியில் நின்றவர்களும் பார்த்தார்கள். கிண்ணத்தை வழித்து நக்கி முடித்து, "சர்க்கரை பத்தல" என்றார்.

இப்போது எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் கதை அதோடு செத்திருக்கும். கூழில் ஒன்றும் இல்லை, ஜெயித்தது அன்சுமானாவின் தைரியம் என்று ஆகியிருக்கும், அவருக்கு ஓட்டும் கூடியிருக்கும். ஆலோசகரின் முகத்தில்கூட வெளிச்சம் வந்துவிட்டது. ஆனால் அப்படி ஆகியிருந்தால் மருந்து வைத்தவள் என்ற பேர் அக்காவோடு கடைசிவரை போயிருக்கும், பலிக்காத மருந்து என்ற கூடுதல் சிறுமையோடு. மனிதர் கையை நீட்டி ஒலிவாங்கியை வாங்கினார். தொண்டையைச் செருமினார். பாட ஆரம்பித்தார்.

பாட்டு என்று அதைச் சொன்னால் மரத்துக்குள் என் பாட்டனார்கள் புரண்டு படுப்பார்கள். சுதி ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம்.

ஈ மொய்க்கும் ராச்சியத்துக்கு
எங்க பிலோமென் ராணி,
கம்பு மூட்ட கண்டுபுட்டா
கண்ணு மண்ணு தெரியாது.
கப்பல் வருது வழிய விடு,
கப்பலில்ல, அவ நட.

கூட்டம் சிரிப்பில் உடைந்தது. ஊர் பயந்த வசியத்தையே அவர் கேலிப் பாட்டாக்கிவிட்டார். பள்ளிவாசல் வாசலில் இமாம் தாடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கோயில் படியில் துக்க நாள் என்பதையும் மறந்து சிரித்தார்கள். ஜேகானின் கை, யாரும் சொல்லாமல், தாளத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. அன்சுமானா அடுத்த அடியை எடுத்தார், இம்முறை கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

வாசலுக்கு வந்தவன
வயிறு காய விட்டதில்ல,
அவ ஆத்தா விட்டதில்ல,
அவளும் விட்டதில்ல.
வாங்கித் தின்ன வாயெல்லாம்
மறந்துபோகும் ஊரே,
மறக்காத வாயி ஒண்ணு,
அது அவ அடிமை வாயி.

கொட்டு நின்றுவிட்டது. அவ அடிமை வாயி என்று ஒரு ஜோலா தன் வாயால், அதுவும் ஒலிபெருக்கியில், ஒப்புக்கொண்டதை நானும் கேட்டதில்லை, என் அப்பனும் கேட்டிருக்கமாட்டான். எந்தக் கேலி முறைக்காரனும் கொடுக்காத ஒன்றை அவர் அவ்வளவு ஜனத்துக்கு முன்னால் கொடுத்துவிட்டு, ஒலிவாங்கியைக் கீழே வைத்தார். எதற்கும் மறுமொழி வைத்திருக்கிற அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சுதி சேரலடா," என்றாள் கடைசியில். அவள் குரலும் சேரவில்லை.

நாங்கள் திரும்பி நடந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஜேகான் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"எனக்கு எடுத்து வச்சிருக்கியா?"

"நீதான் வேற கட்சியாச்சேய்யா."

"கட்சி வேற, வயிறு வேற."

அவருக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வந்தார்கள். எல்லா வீடும் வாங்கியது என்று சொல்லமாட்டேன், அன்று பூட்டியே இருந்த கதவுகளும் உண்டு. கூழில் ஒன்றுமில்லை என்று தெளிந்து குடித்தவர்கள் பாதி. ஹாஜியாரே பாடிவிட்டாரே, மருந்து நிச்சயம் பலித்துவிட்டது என்று நம்பியவர்கள் மீதி. நம்பிக்கொண்டே அவர்களும் கிண்ணத்தை நீட்டினார்கள். எங்கள் ஜனத்தை எனக்குப் பிடிப்பது இதனால்தான். பயப்படுவார்கள், ஆனால் பசியோடு பயப்படமாட்டார்கள். மூன்று மணிக்குச் சிலுவைப் பாதை கிளம்பியபோது, வருஷா வருஷம் செய்வதைப் போல, பள்ளிவாசல் பையன்கள்தான் சாலையின் இரண்டு முனையிலும் நின்று வண்டிகளை நிறுத்தினார்கள்.

கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமல்ல. சாயங்காலம் கிண்ணங்கள் ஒவ்வொன்றாக வந்தன, ஒன்றில் எலுமிச்சம்பழம், ஒன்றில் கோலாக் கொட்டை, ஒன்றில் ஒரு பிடி அரிசி. நீலக் கிண்ணத்தை அன்சுமானாவிடமிருந்து ஜேகான் கொண்டுவந்தார். அக்கா அப்போதுதான் விரதம் முடித்துத் தன் பங்குக் கூழோடு உட்கார்ந்திருந்தாள். துணியை விலக்கிப் பார்த்தாள். உள்ளே தோல் தாயத்து, கயிற்றோடு.

"இது என்னய்யா?"

ஜேகான் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். தூது சொல்வதும் எங்கள் தொழில்தான், சொன்னதைச் சொன்னபடி சொல்லவேண்டும். "அந்தக் கடைசி வரியப் பாடினது அவரு இல்லையாம், உன் கூழுதானாம். அத வச்சு நாளைக்கு எசமானின்னு ஆட வேண்டாமாம். ஒரு கிண்ணம் கூழத் தடுக்க வக்கில்லாத தாயத்து எனக்கு எதுக்கு, எசமானிக்கு... இல்ல, அடிமைக்கே குடுத்துருன்னு சொன்னாரு."

அக்கா தாயத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவள் கழுத்தில் ஜெபமாலை இருந்தது. சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து, குதிரை கட்டியிருந்த தொழுவத்துப் பக்கம் போனாள்.

மறுநாள் காலை எத்தியென் மாமா உப்பு ஏற்றிவர வண்டி கட்டினார். நானும் ஏறிக்கொண்டேன், அந்தப் பக்கம் எனக்கு ஒரு பெயர்சூட்டு விழாவில் பாட்டு இருந்தது. குதிரையின் கழுத்தில் தாயத்து, நடைக்கு நடை மணியைப் போல ஆடிக்கொண்டு வந்தது. பாணர் மரத்தடி வந்ததும் குதிரை வழக்கம்போல நின்றது. எதிரே அன்சுமானாவின் பிரசார வேன் வந்துகொண்டிருந்தது, நெற்றியில் அவர் படம், கூரையில் ஒலிபெருக்கி. முன்னிருக்கையில் அவர் இருந்தார். வேன் வேகம் குறைந்தது. அவர் குதிரையைப் பார்த்தார், அதன் கழுத்தைப் பார்த்தார், டிரைவரின் தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னார். கதவைத் திறந்து இறங்கி வந்து, மாமாவின் பக்கத்தில் நிழலில் நின்றுகொண்டார். மாமா புகையிலைப் பையை நீட்டினார். பஸ் ஒன்று எங்களைக் கடந்து போயிற்று, ஜன்னல் நிறைய முகங்கள். இரண்டு ஆண்களும் தலையைத் திருப்பவில்லை. குதிரைக்கு எப்போது நகரத் தோன்றுமோ என்று பார்த்துக்கொண்டு, மரத்தில் சாய்ந்து நின்றார்கள். அன்சுமானா வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், அதே மெட்டு, அதே தப்பான சுதி.